நாமக்கல் பெட்டியில் என் அட்டை

நாமக்கல்லில் ஒரு மனிதர் என்னை விடாப்பிடியாகக் கல்யாணத்துக்குத் தயார் செய்துகொண்டே இருந்தார். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. என் முகத்தை அவரும் பார்த்ததில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை சேலத்தில் நான் என்னைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுவேன். வாரத்துக்கு இரண்டு தடவை அவர் என்னைத் திருப்பி அனுப்பிவைப்பார். ஐந்து மாதம் நடந்தது இந்தக் கூத்து. இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வந்தது சிரிப்பில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. சேலம் பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்த திருமணத் தகவல் நிலையத்தில் எனக்கு வேலை. பெயர் பெரிது, இருந்தது ஒரே அறை. ஒரு மேசை, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு, ஜாதக அட்டைகள் அடுக்கிய ஒரு நீள மரப்பெட்டி. முதலாளி நூல் வியாபாரம் செய்து, அது படுத்துவிட்டதால் இதற்கு வந்தவர். நூல் சிக்கினால் பிரிக்கத் தெரியாத மனிதர் ஊரார் பிள்ளைகளைச் சேர்த்துவைக்கக் கிளம்பியிருந்தார். நாமக்கல்லில் இதே பெயர்ப்பலகையோடு இன்னொரு அறை இருந்தது. அங்கே முதலாளியின் மச்சான், அதாவது அவர் மனைவியின் அண்ணன். இரண்டு பேரும் கூட்டு. கூட்டு என்றால் ஒருவரை ஒருவர் கொஞ்சமும் நம்பாத கூட்டு.

நல்ல மாப்பிள்ளை ஒருவன் சேலத்தில் பதிவானால் அவனைத் தங்கை வீட்டுக்காரர் ஒளித்துவைத்துக்கொள்வார் என்று மச்சானுக்குச் சந்தேகம். ராசிபுரத்துப் பக்கம் நல்ல பெண் ஒன்று நாமக்கல்லில் பதிவானால் மச்சான் அமுக்கிவிடுவார் என்று முதலாளிக்கு வயிற்றெரிச்சல். அதனால் ஆரம்பத்திலேயே கோயிலில் வைத்துப் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அங்கே உள்ள அட்டை அத்தனையும் இங்கே இருக்க வேண்டும், இங்கே உள்ளது அத்தனையும் அங்கே இருக்க வேண்டும். ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

இந்தச் சந்தேகத்துக்குத்தான் எனக்குச் சம்பளம். செவ்வாயும் வெள்ளியும் நாமக்கல் பை காலை பஸ்ஸில் வரும், எங்கள் பை மதியம் மூன்று மணி பஸ்ஸில் போகும். ராசிபுரம் வழியாக ஓடும் தனியார் பஸ், கண்டக்டர் இருக்கைக்குக் கீழே பை. பைக்குள் புதிதாக எழுதிய அட்டைகளும், பெட்டியில் இருக்கிற எல்லா அட்டைகளின் எண்களையும் வரிசையாக எழுதிய பட்டியலும் இருக்கும். அவர்கள் பட்டியலை நான் எங்கள் பெட்டியோடு ஒத்துப் பார்ப்பேன். எங்கள் பட்டியலை அங்கே உள்ள குமாஸ்தா அவர்கள் பெட்டியோடு ஒத்துப் பார்ப்பார். எந்தப் பக்கம் ஓர் எண் விட்டுப்போயிருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு மற்றவர் ஒரு படி எழுதி அனுப்ப வேண்டும். கேட்பதற்குக் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். ஒழுங்காக ஆடினால் குழந்தை விளையாட்டுத்தான்.

ஒழுங்காக ஆட முடியாதபடி எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணக் காகிதத்தில் அடித்தல் திருத்தல் ஆகாது. மூலையில் மஞ்சள் தடவி ஒரு பெயரை எழுதியாகிவிட்டது என்றால் அதன்மேல் கோடு இழுப்பது அந்த ஆளின்மேலேயே இழுத்த மாதிரி. நட்சத்திரத்தில் ஒரு பாதம் தப்பிவிட்டால்கூட அட்டையை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாகத்தான் எழுதுவோம். கல்யாணம் நிச்சயமானவர்களின் அட்டையைச் சத்தமில்லாமல் பெட்டியிலிருந்து எடுத்து, குங்குமம் வைத்து, அவர்கள் வீட்டாரிடமே கொடுத்துவிட வேண்டும். ‘எடுத்தாயிற்று’ என்று எங்கேயும் எழுதக் கூடாது. அதுவும் ஆகாதாம்.

எழுதாவிட்டால் அடுத்த ஊர்க்காரருக்கு எப்படித் தெரியும்? தெரியவில்லை. தம்மம்பட்டிப் பெண் ஒன்றுக்குக் கல்யாணம் ஆகி நாங்கள் அட்டையைக் கொடுத்தனுப்பிவிட்டோம். எங்கள் பட்டியலில் அந்த எண் இல்லாததைப் பார்த்த நாமக்கல் குமாஸ்தா, பாவம் சேலத்துக்காரர்கள் தொலைத்துவிட்டார்கள் போல என்று புது அட்டை எழுதி அனுப்பிவிட்டார். எனக்கு முந்தி அந்த நாற்காலியில் இருந்தவர் அதைப் பெட்டியில் சொருகி, ஒரு மாப்பிள்ளை வீட்டாரிடம் விலாசமும் எழுதிக் கொடுத்தார். அவர்கள் பூவும் பழமுமாகப் போய் இறங்கியபோது அந்த வீட்டில் பெண்ணுக்கு வளைகாப்பு நடந்துகொண்டிருந்தது. விருந்தாளிகள் என்று நினைத்துப் பந்தியில் உட்காரவைத்துவிட்டார்கள். இவர்களும் பெண் வீட்டாரின் தாராளத்தை மெச்சிக்கொண்டே பாயசம் வரைக்கும் சாப்பிட்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு ஒரு விதி வந்தது. அச்சடித்த கல்யாணப் பத்திரிகை இரண்டு ஆபீசுக்கும் வர வேண்டும், அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அட்டையை எடுக்க வேண்டும். பிறகு அயோத்தியாப்பட்டணம் பக்கத்தில் ஒரு பெண் காய்ச்சலில் இறந்துபோனாள். மூன்றாம் நாள் நாமக்கல் அனுப்பிய மாப்பிள்ளை வீட்டார் அந்த வீட்டு வாசலில் போய் நின்றார்கள். என்ன நடந்திருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. உடனே இரண்டாவது விதி வந்தது. பதிவானவர் இறந்துவிட்டால் மட்டும் பெயரின் குறுக்கே ஸ்கேல் வைத்துக் கறுப்பு மையில் ஒரு கோடு போட்டு, தேதி எழுதி, அந்த அட்டையையே பையில் அனுப்பிவிட வேண்டும். எதிர்ப்பக்கமும் தன் அட்டையில் கோடு போட்டுக் கீழ் டிராயரில் வைத்துவிடும். ஆக, அந்தப் பெட்டிக்குள் போன ஒரு பெண் வெளியே வர அச்சடித்த பத்திரிகை வேண்டும், அல்லது கறுப்புக் கோடு வேண்டும். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று முதலாளிக்கும் மச்சானுக்கும் தோன்றவே இல்லை.

என் அட்டையும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது. எனக்கு இருபத்து மூன்று வயதில் அப்பா நாமக்கல் ஆபீசில் பதிந்தது. எங்கள் ஊர் நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகிற வழியில். அப்பா வெங்காயமும், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் போடுகிறவர். அம்மா நான் பள்ளிக்கூடம் போகும்போதே போய்விட்டாள். பதிவு செய்து இரண்டு வருடம் கழித்து, இதே நிலையத்துக்குச் சேலத்தில் டைப்பும் எழுத்தும் தெரிந்த ஆள் வேண்டும் என்று தெரிந்து நான் சேர்ந்தேன், பெண்கள் விடுதியில் தங்கினேன். சேர்ந்த முதல் மாதமே கறையான் அரித்த அட்டைகளையெல்லாம் புதிதாக எழுத வேண்டி வந்தது. அதில் ஒன்று என்னுடையது. ‘பெண் நல்ல நிறம், அடக்கமானவர், சமையலில் கைதேர்ந்தவர்’ என்று என் கையாலேயே எழுதினேன். மூன்றும் பொய். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார்.

வேலைக்குச் சேர்வதற்கு முன்னும் பின்னுமாக ஒன்பது தடவை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ஒன்பது தடவையும் ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது தடவையும் அதே பச்சைப் புடவை, அதே கேசரி. ஒருவருக்கு நான் உயரம், ஒருவருக்குக் குட்டை. அதே உடம்பு எப்படி இரண்டாகவும் இருந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஒரு பெரியம்மா என் பின்னலைப் பிடித்து இழுத்தே பார்த்தார், சவுரி வைத்திருக்கிறேனா என்று. கடைசியாக வந்தவர்கள் திருச்செங்கோட்டுப் பக்கம், ரிக் வண்டியில் பங்கு உள்ள குடும்பம். ஆழ்துளைக் கிணறு போட வடநாடு வரைக்கும் வண்டி போகிறது என்ற மிதப்பு வந்தவர்கள் எல்லோர் முகத்திலும் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா என்னை வாசல்வரை ஒரு நடை நடந்துவிட்டு வரச் சொன்னார். காலில் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். நடந்துவிட்டு வந்து, தட்டைக் கீழே வைத்துவிட்டு, “அவரையும் ஒரு நடை நடந்து காட்டச் சொல்லுங்க” என்றேன்.

நடக்கவில்லை. எழுந்து போய்விட்டார்கள். அப்பா அவர்கள் பின்னாலேயே வண்டி வரைக்கும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவே மாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை. ஆனால் இனி எவன் முன்னாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்க மாட்டேன், என்னை அந்தப் பெட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, ஆகட்டும் சாமி என்றார். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்பா யாரையும் மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னிடம் ஆகட்டும் என்பார், என்னைப் பார்க்க வருகிறவர்களிடமும் ஆகட்டும் என்பார். தண்ணீர் திருப்பிவிட்ட பக்கமெல்லாம் ஓடுகிற மாதிரி.

மறுநாள் காலை ஆபீசைத் திறந்ததும் முதல் வேலையாக என் அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். பட்டியலிலும் என் எண்ணை விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை அந்தப் பட்டியல் போனது. வெள்ளிக்கிழமை காலை நாமக்கல் பையைப் பிரித்தால் மேலாகவே நான் இருக்கிறேன். புத்தம்புது அட்டை, நான்கு மூலையிலும் மஞ்சள், முத்து முத்தான எழுத்து. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. ‘தங்கள் பெட்டியில் விட்டுப்போனதைச் சேர்த்து அனுப்பியுள்ளேன்.’

அதையும் எடுத்து வைத்துக்கொண்டேன். அடுத்த செவ்வாய் மறுபடி வந்தது. வெள்ளி மறுபடி. என் கைப்பையில் நானே ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டேன். ‘இந்த அட்டை இனி வேண்டாம், அங்கேயும் எடுத்துவிடவும்’ என்று, அது நான்தான் என்று சொல்லாமல், சீட்டு எழுதினேன். பதில் மரியாதையாகத்தான் வந்தது. ‘பத்திரிகை இன்னும் வரவில்லை. வந்ததும் எடுத்துவிடுகிறேன்.’ பத்திரிகை வராது என்று எழுதினேன். ‘அப்படிச் சொல்லக் கூடாது. எல்லாம் கூடி வரும்’ என்று ஆசீர்வாதம் வந்தது. எனக்குக் கோபத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆளையே பார்த்திராத ஒருவருக்கு என் விஷயத்தில் இவ்வளவு அக்கறையா என்று பஸ் ஏறிப் போய் நான்கு வார்த்தை கேட்கலாமா என்றுகூட நினைத்தேன்.

முதலாளியிடம் நேராகவே கேட்டேன். அவர் பெட்டியை ஒரு தடவை பார்த்தார், கூரையை ஒரு தடவை பார்த்தார். நான் என்னை எடுத்துவிட்டால் மச்சான் பெட்டியில் ஓர் அட்டை அதிகமாகிவிடும், அந்த ஆள் அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பான் என்பது அவர் கவலை. என் கவலை அவருக்குப் புரியாமல் இல்லை, ஆனால் மச்சானுடைய சிரிப்பு பெரிதாகப் பட்டது. கடைசியில், பதிவு செய்த அப்பாவே வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் யோசிக்கலாம் என்றார். யோசிக்கலாம், அவ்வளவுதான்.

ஞாயிறுதோறும் ஊருக்குப் போய் அப்பாவிடம் அந்தக் காகிதத்தைக் கேட்டேன். முதல் வாரம் வெங்காய அறுப்பு. இரண்டாவது வாரம் மோட்டார் ரிப்பேர். மூன்றாவது வாரம் ஆடி மாதம், ஆடியில் எதையும் ஆரம்பிக்கக் கூடாதாம். ஆரம்பிக்கச் சொல்லவில்லை, முடிக்கத்தான் சொல்கிறேன் என்றேன். ஆகட்டும் சாமி என்றார். ஆடியும் போனது, ஆவணியும் போனது.

எடுக்கத்தானே முடியாது, திருத்தலாம் அல்லவா என்று அடுத்து எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒரே எண் அட்டையில் இரண்டு ஊரிலும் வேறு வேறு தகவல் இருந்தால் எது செல்லும் என்பதற்கும் விதி இருந்தது. எதில் பிந்திய தேதி போட்டிருக்கிறதோ அது செல்லும். என் எண்ணுக்குப் புது அட்டை எடுத்து வயதைச் சரியாக இருபத்தெட்டு என்று போட்டேன். நிறம் கறுப்பு என்று போட்டேன். சமையல் தெரியாது, முன்கோபக்காரி, பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்வாள் என்று உள்ளதை உள்ளபடி எழுதி, அன்றைய தேதியைப் போட்டு அனுப்பினேன். திரும்பி வந்த அட்டையில் வயது இருபத்து நான்கு, நிறம் மாநிறம், குணம் ‘சுறுசுறுப்பானவர், கலகலப்பாகப் பழகுவார்’. தேதி என்னுடையதற்கு மூன்று நாள் பிந்தியது.

நான் நாளைய தேதியைப் போட்டேன். அவர் நாளை மறுநாளைப் போட்டார். நான் தீபாவளியைப் போட்டேன். அவர் கார்த்திகை தீபத்தைப் போட்டார். பொங்கல் தேதி போட்டு நான் அனுப்பியபோது வெளியே புரட்டாசி மழை பெய்துகொண்டிருந்தது. நாமக்கல் அட்டை தைப்பூசத்துக்குப் போய்விட்டது. முதலாளி ஒருநாள் பெட்டியைக் குடைந்தபோது இதைப் பார்த்துவிட்டு, தைப்பூசத்தன்று எழுதிய அட்டை எப்படி இப்போதே வந்தது என்று கேட்டார். நாமக்கல்லில் வேலை அவ்வளவு வேகம் என்றேன். மச்சானிடம் அப்படி என்ன வேகம் என்று அவருக்கு அன்றைக்குப் பூராவும் முகம் சரியில்லை.

இவ்வளவுக்கும் நான் அந்தக் குமாஸ்தாவைக் குறும்புக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை வம்புக்கு இழுக்கிறார், எழுத்தழகைக் காட்டுகிறார், மச்சான் சொல்லித்தான் செய்கிறார் என்று விடுதியில் எல்லோரிடமும் திட்டித் தீர்த்தேன். ஒரு பெண்ணின் வயதை நான்கு குறைத்தால் அவளுக்கு நல்லது செய்வதாக ஒருவர் மனதார நம்பக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆத்திரத்தில் இருக்கிறவளுக்கு எதிராளி நல்லவனாக இருப்பது பிடிக்காது.

ஐப்பசி ஆரம்பத்தில், ஒரு வியாழக்கிழமை, அப்பாவின் தபால் அட்டை விடுதிக்கு வந்தது. நாமக்கல் ஆபீசில் விலாசம் வாங்கிக்கொண்டு ஒரு மாப்பிள்ளை வீட்டார் ஞாயிறு காலை வருகிறார்களாம். இரண்டு கோழிப்பண்ணை, இரண்டு குழந்தைகள், முதல் மனைவி தவறிவிட்டார். ‘வந்துவிடு சாமி. பச்சைப் புடவையை எடுத்துக்கொண்டு வா’ என்று முடித்திருந்தார். தம் கையால் எழுதத் தெரியாதவர், யாரிடமோ கொடுத்து எழுதி வாங்கியிருக்கிறார். எனக்கு வேண்டிய இரண்டு வரியை இத்தனை மாதமாக எழுதி வாங்க முடியாதவருக்கு இதை எழுதி வாங்க ஆள் கிடைத்திருக்கிறது. அதுதான் என்னைச் சுட்டது. கோழிப்பண்ணைக்காரரின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அந்த மனிதருக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. அந்த ஆள் நான் என்று அவருக்குச் சொன்னது நாமக்கல் பெட்டி.

வெள்ளிக்கிழமை மதியம் முதலாளி சாப்பிடப் போனதும் என் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன். ஸ்கேலை வைத்தேன். கறுப்பு மைக்கூட்டைத் திறந்து, என் பெயரின் குறுக்கே ஒரே இழுப்பில் கோடு போட்டேன். இதையும் தைப்பூசத்தில் போட்டால் மாட்டிக்கொள்வேன் என்று ஒழுங்காக அன்றைய தேதியைப் போட்டேன். பத்திரிகை இல்லாவிட்டால் கோடு வேண்டும் என்றது விதி, கொடுத்தாயிற்று. பையைக் கொண்டுபோய்க் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு வரும்போது வழியில் ஒரு கடையில் நின்று கரும்புச்சாறு வாங்கிக் குடித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

சனிக்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போனேன். மறுநாள் ஊருக்குப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். மதியம் மூன்று மணி இருக்கும். முதலாளி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் இருந்த என் மேசையில் நான் அட்டைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் தடதடவென்று காலடி கேட்டது. அப்பா உள்ளே வந்தார். சட்டை இல்லை, செருப்பு இல்லை, முழங்கால் வரைக்கும் வயற்சேறு. அவருக்குப் பின்னால் ஒல்லியாக ஒரு வயதானவர், கக்கத்தில் குடை, கையில் வாழை இலையில் சுருட்டிய மாலை. கதவு மறைத்ததால் என்னை இருவரும் பார்க்கவில்லை.

அப்பா முதலாளியின் முன்னால் போய் நின்று கைகூப்பினார்.

“எம் புள்ளைய எங்கீங்க வெச்சிருக்கறீங்க?”

முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேப்பரை இறக்காமலே பேனாவால் என் பக்கம் காட்டினார். “அங்கதானுங்களே, மேசைல.”

அப்பா திரும்பினார். அந்த முகத்தை நான் எழுதப்போவதில்லை. என்னால் முடியாது.

பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. நாமக்கல் குமாஸ்தா அன்று காலை பையைப் பிரித்து, கோடு போட்ட அட்டையைப் பார்த்து, அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். ஐந்து மாதமாகத் தம் கையால் எழுதி எழுதி அனுப்பிய பெண். மகளைப் போலத்தான் நினைத்திருந்தேன் என்று பின்னர் முதலாளியிடம் சொன்னார். துக்கம் விசாரிக்காமல் இருக்க மனம் வரவில்லை. கடைவீதியில் ஒரு மாலையை வாங்கிக்கொண்டு எங்கள் ஊருக்குப் பஸ் ஏறியிருக்கிறார். வீட்டில் ஆள் இல்லை. கூட்டமும் இல்லை, பந்தலும் இல்லை. அப்பா வெங்காய வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். வரப்பில் நின்று இவர்தான் சொல்லியிருக்கிறார். அப்பா மண்வெட்டியைப் போட்டது போட்டபடி சாலைக்கு ஓடிவந்து, முட்டை ஏற்றிக்கொண்டு சேலம் போன லாரியை மறித்து ஏறியிருக்கிறார். பின்னாலேயே மாலையோடு இவரும் ஏறியிருக்கிறார். என்னை எங்கே கிடத்தியிருக்கிறார்கள் என்று ஆபீசில்தான் தெரியும் என்பதால் நேராக அங்கே வந்தார்கள்.

அப்பா என் தோளைத் தொட்டார். கன்னத்தைத் தொட்டார். மஞ்சளாக இருந்த என் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளை வீட்டார் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். குமாஸ்தா மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, இது யாருங்க என்று முதலாளியைக் கேட்டார்.

“லாரில வாரப்ப பூராம் ஒண்ணுதான் நெனச்சுட்டு வந்தேன்” என்றார் அப்பா. “நாளைக்கு வாரவங்களுக்குப் பயந்துட்டு நீயே எதையோ குடிச்சுட்டீன்னு. நாந்தான் கொன்னுபோட்டேன்னு.”

எத்தனையோ வார்த்தை தயாராக வைத்திருந்தேன். நாமக்கல் குமாஸ்தாவை நேரில் பார்த்தால் கேட்க வேண்டியதென்று ஒரு பட்டியலே இருந்தது. அதில் ஒன்றுகூட அப்பாவுக்கானது இல்லை. அந்தக் கோடு நாமக்கல்லுக்குப் போகும், பெட்டிக்குப் போகும் என்றுதான் நினைத்தேன். அது அப்பாவிடம் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்குப் பட்ட வெட்கத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை. கோடு போட்டது நான்தானுங்கப்பா என்று மட்டும் சொன்னேன். தெரியும் என்பது போலத் தலையை ஆட்டினார். தெரிந்திருக்க முடியாது. ஆனாலும் ஆட்டினார்.

மற்ற இருவருக்கும் அதற்குள் வேறு கவலை வந்துவிட்டது. கோடு போட்ட அட்டையை என்ன செய்வது என்று முதலாளி கேட்டார். குமாஸ்தா, கோடு விழுந்ததை மறுபடி எழுதுகிற வழக்கமில்லை என்றார். இங்கேயும் கோடு, அங்கேயும் கோடு, இரண்டு பெட்டியிலும் ஒரே எண்ணிக்கை. மச்சானுக்கு ஒன்று அதிகம் இல்லை என்று தெரிந்ததும் முதலாளிக்கு நிம்மதியாகிவிட்டது. ஆக நான் ஜெயித்துவிட்டேன். ஐந்து மாதம் போராடிக் கேட்டது கிடைத்துவிட்டது.

அப்பா எழுந்து வந்து மேசைமேல் கை ஊன்றி, ஒரு காகிதம் கொடுங்க, நான் எழுதிக் கொடுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்றார். குமாஸ்தா மரியாதையாகத் தடுத்தார்.

“கோடு விழுந்த அட்டைக்குக் காயிதம் தேவையில்லீங்க.”

“எனக்குத் தேவைங்க” என்றார் அப்பா.

அவர் சொல்லச் சொல்லக் குமாஸ்தா எழுதினார். இரண்டே வரி. ‘என் மகள் உயிரோடு இருக்கிறாள். அவளுக்குக் கல்யாணம் பேச வேண்டாம்.’ இரண்டு ஊருக்கும் இரண்டு படி. அப்பா இரண்டிலும் ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். சேற்று விரல் பட்ட இடமெல்லாம் காகிதம் கறையானது. எழுதி முடித்த குமாஸ்தா, உயிரோடும் இருந்து கல்யாணமும் வேண்டாதவர்களை எந்த டிராயரில் வைப்பது என்று முதலாளியைக் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. முதலாளிக்கும் தெரியவில்லை.

“எங்க வேணா வையுங்க” என்றார் அப்பா. “நாளைக்கு வாரவங்ககிட்ட முடியாதுன்னு நானே சொல்லிக்கறேன்.”

முடியாது என்ற வார்த்தையை அப்பா வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். அவரைப் பஸ் ஏற்றிவிடக் கீழே இறங்கினேன். சட்டையில்லாத மனிதர் ஒருவர் ஒரு பெண்ணைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதைக் கடைக்காரர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். படி இறங்கியதிலிருந்து பஸ் நிலையம் வரைக்கும் அப்பா என் மணிக்கட்டை விடவில்லை. பஸ் கிளம்பும் வரைக்கும் ஜன்னல் வழியாகவும் பிடித்துக்கொண்டிருந்தார். வலித்தது. விடச் சொல்லவில்லை.